சிகே-4 என்று போட்டிருந்தால் போதுமா? டீசல் பிக்கப்புக்கு ஆயில் வாங்கும் முன் பார்க்க வேண்டிய எண்

அமெரிக்காவில் ஃபோர்டு எஃப்-250, எஃப்-350 போன்ற டீசல் பிக்கப் வைத்திருப்பவர் ஆயில் வாங்கக் கடைக்குள் நுழைந்ததும் குழப்பம் தொடங்கிவிடும். அலமாரியில் 10டபிள்யூ-30, 5டபிள்யூ-40, 15டபிள்யூ-40 என்று கேன்கள் வரிசையாக நிற்கும். எல்லாவற்றின் பின்புறமும் ஏபிஐயின் (அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட்) வட்ட முத்திரை, அதற்குள் ‘சிகே-4’. வண்டியின் கையேட்டைப் புரட்டினால் ‘டபிள்யூஎஸ்எஸ்-எம்2சி171-எஃப்1’ என்று வேறொரு எண் இருக்கும். அந்த எண் சில கேன்களில் உண்டு, சிலவற்றில் கிடையாது. விலையில் பெரிய வித்தியாசம் தெரியாது. “சிகே-4 என்றால் எல்லாம் ஒன்றுதான், எதை வேண்டுமானாலும் எடுங்க” என்று விற்பவர் சொல்வார்.

எல்லாம் ஒன்றல்ல. 2016 முதல் ஃபோர்டு டீசல்களுக்கு இந்த வித்தியாசம் உண்மையிலேயே முக்கியம். ராம், ஜிஎம் பிக்கப்புகளுக்கும் இதே மாதிரி தனித்தனி எண்கள் உண்டு. அந்த எண் எதற்காக வந்தது, அதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் இன்ஜினுக்குள் என்ன ஆகும் என்பதை ஃபோர்டு 6.7 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் இன்ஜினை முன்வைத்து அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

கேனில் உள்ள மூன்று தகவல்கள்

ஒரு ஆயில் கேன் மூன்று வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கிறது.

1. எவ்வளவு கெட்டி? இதற்கான பதில் எஸ்ஏஇ கிரேடு: 10டபிள்யூ-30, 15டபிள்யூ-40 போன்றவை.
2. எந்தத் தலைமுறை இன்ஜினுக்கான சோதனைகளில் தேறியது? இது ஏபிஐ வகை: சிஐ-4, சிஜே-4, சிகே-4, எஃப்ஏ-4.
3. இந்த வண்டியைச் செய்த நிறுவனம் தன் இன்ஜினுக்கு என்று கூடுதலாகக் கேட்பது இதில் இருக்கிறதா? இதுதான் நிறுவன ஸ்பெக்.

பெரும்பாலானோர் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் இரண்டாவது வரை போகிறார்கள். வாரண்டியும் இன்ஜினின் ஆயுளும் மூன்றாவதில்தான் இருக்கின்றன. அதனால் கையேட்டைத் திறந்ததும் முதலில் ஸ்பெக் எண்ணைத் தேடுங்கள், கிரேடைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கிரேடு எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது

எஸ்ஏஇ ஜே300 என்ற தரநிலைதான் கிரேடுகளை வரையறுக்கிறது. டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் நடந்துகொள்ளும் விதத்தைக் குறிக்கும். 15டபிள்யூ ஆயிலை இன்ஜின் சுழலுமா என்று மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் சோதிக்கிறார்கள். 10டபிள்யூவுக்கு அது மைனஸ் 25, 5டபிள்யூவுக்கு மைனஸ் 30. பம்ப் ஆயிலை இழுக்குமா என்ற சோதனை ஒவ்வொன்றிலும் இன்னும் 5 டிகிரி கீழே நடக்கும்.

பின்னால் உள்ள எண் சூட்டில் உள்ள கெட்டித்தன்மை. 100 டிகிரியில் 30 கிரேடு 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை, 40 கிரேடு 12.5 முதல் 16.3 வரை இருக்க வேண்டும்.

பேரிங்குக்குள் நிலைமையே வேறு. அங்கே ஆயில் படலம் மிக மெல்லியது, சூடும் அதிகம், உலோகப் பரப்புகள் மிக வேகமாக நகரும். அதனால் 150 டிகிரியில், வேகமாகத் தேய்க்கும் நிலையில் கெட்டித்தன்மையைத் தனியாக அளக்கிறார்கள். இதை எச்டிஎச்எஸ் என்பார்கள். 30 கிரேடுக்கு ஜே300 கேட்கும் குறைந்தபட்ச எச்டிஎச்எஸ் 2.9 சென்டிபாய்ஸ் மட்டுமே. சிகே-4 வகையோ, கிரேடு 30 ஆனாலும் 3.5-க்குக் குறையக் கூடாது என்கிறது. எஃப்ஏ-4 வகையில் அது 2.9-க்கும் 3.2-க்கும் இடையில் இருக்க வேண்டும்.

ஆக, கடையில் இரண்டு கேன்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம். இரண்டிலும் 10டபிள்யூ-30 என்றுதான் எழுதியிருக்கும். ஒன்று சிகே-4, மற்றது எஃப்ஏ-4. குளிரில் இரண்டும் ஒரே மாதிரி ஓடும். டிரெய்லரை இழுத்துக்கொண்டு மலை ஏறும்போது பேரிங்குக்குள் இரண்டும் வேறு வேறு ஆயில். புதிய கனரக லாரி இன்ஜின்கள் சிலவற்றில் எரிபொருளை மிச்சப்படுத்த உருவாக்கப்பட்டதுதான் எஃப்ஏ-4. தன் டீசல் இன்ஜின் எதிலும் அதை ஊற்றக் கூடாது என்பது ஃபோர்டின் நிலைப்பாடு. இரண்டையும் பிரித்துக் காட்டுவதற்காகவே எஃப்ஏ-4 முத்திரையின் மேல் பகுதியில் நிறம் அடித்திருப்பார்கள். அவசரத்தில் கேனை எடுப்பவர்கள் அந்த நிறத்தைக் கவனிப்பதில்லை.

ஏபிஐ எழுத்துகள்: சாம்பல் எப்போது பிரச்சினையானது

‘சி’யில் தொடங்குபவை டீசலுக்கு, ‘எஸ்’ஸில் தொடங்குபவை பெட்ரோலுக்கு. சிஎச்-4 1998-லும் சிஐ-4 2002-லும் வந்தன. அதுவரை ஆயிலில் சல்பேட்டட் சாம்பல், பாஸ்பரஸ், கந்தகம் எவ்வளவு இருக்கலாம் என்று டீசல் வகைகளில் உச்சவரம்பு கிடையாது. நிறையக் கால்சியம் சேர்த்து அமிலத்தை முறித்தார்கள், நிறைய துத்தநாகச் சேர்மம் சேர்த்துத் தேய்மானத்தைக் குறைத்தார்கள். புகைபோக்கியில் அடைபடுவதற்கு எதுவும் இல்லாத காலம் அது.

2007 மாடலோடு அமெரிக்க டீசல் பிக்கப்புகளில் டிபிஎஃப் வந்தது. புகையில் உள்ள கரித்துகளைப் பிடித்து வைக்கும் பீங்கான் வடிகட்டி இது. அதற்குத் தோதாக டீசலில் கந்தகம் 15 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 15 பங்கு) கொண்டுவரப்பட்டது. ஆயிலுக்கு சிஜே-4 வந்தது, உச்சவரம்புகளும் அதோடு வந்தன: சாம்பல் 1.0 சதவீதம், பாஸ்பரஸ் 0.12 சதவீதம், கந்தகம் 0.4 சதவீதம். 2016 டிசம்பர் 1 முதல் உரிமம் பெற்ற சிகே-4-க்கும் இதே வரம்புகள்தான். அதில் கூடுதலாக வந்தவை ஆக்சிஜனேற்றத்தைத் தாங்கும் சக்தி, காற்றுக் குமிழி பிடிக்காத தன்மை, சீக்கிரம் நீர்த்துப்போகாத தன்மை ஆகியவற்றுக்கான கடுமையான சோதனைகள்.

சாம்பல் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் தெளிவாகும். டிபிஎஃப்பில் சேரும் கரி எரியக்கூடியது. சூட்டை ஏற்றி அதை எரிப்பதைத்தான் ரீஜெனரேஷன் என்கிறோம். ஆயிலில் உள்ள கால்சியம், மக்னீசியம், துத்தநாகம் ஆகியவை எரிந்தபின் சாம்பலாக மிஞ்சும். அந்தச் சாம்பல் எத்தனை ரீஜெனரேஷன் செய்தாலும் போகாது. பிஸ்டன் ரிங்கைத் தாண்டியும், வால்வு கைடு வழியாகவும், டர்போ சீல் வழியாகவும் எந்த இன்ஜினும் கொஞ்சம் ஆயிலை எரிக்கத்தான் செய்யும்.

5,000 மைலுக்கு 1 லிட்டர் ஆயில் எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். 1 லிட்டர் ஆயில் சுமார் 860 கிராம். 1.0 சதவீதச் சாம்பல் உள்ள ஆயில் என்றால் 8.6 கிராம் சாம்பல். 1.5 சதவீதம் உள்ள பழைய வகை என்றால் 12.9 கிராம். சாம்பல் முழுவதும் வடிகட்டியிலேயே தங்குவதாகக் கொண்டால், 1 லட்சம் மைலில் முதல் வண்டியில் 172 கிராம், இரண்டாவதில் 258 கிராம் சேர்ந்திருக்கும். வடிகட்டியின் நுண்குழாய்கள் பின்முனையிலிருந்து அடைபட்டுக்கொண்டே வரும். கரிக்கான இடம் சுருங்கும். ரீஜெனரேஷன் அடிக்கடி வரும், டீசல் செலவு கூடும். கடைசியில் டிபிஎஃப்பைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும், இல்லையென்றால் மாற்ற வேண்டும். ஆயிலில் மிச்சம் பிடித்த தொகையைப் போலப் பல மடங்கு அங்கே போய்விடும்.

ஃபோர்டு ஏன் தனி எண் கேட்டது

சாம்பலையும் பாஸ்பரஸையும் குறைப்பது டிபிஎஃப்புக்கும், புகையைச் சுத்தமாக்கும் வினையூக்கிகளுக்கும் நல்லது. ஆனால் பாஸ்பரஸ் ஆயிலுக்குள் சும்மா வரவில்லை. ஜிங்க் டையல்கைல் டைதயோபாஸ்ஃபேட், சுருக்கமாக இசட்டிடிபி, என்ற சேர்மத்தின் ஒரு பகுதியாக வருகிறது. அழுத்தமும் சூடும் அதிகமுள்ள இடங்களில் இந்தச் சேர்மம் சிதைந்து இரும்புப் பரப்பின் மேல் கண்ணாடி போன்ற மெல்லிய பாஸ்பேட் படலத்தை உண்டாக்கும். ஆயில் படலம் கிழிந்து உலோகமும் உலோகமும் உரசும்போது தேய்வது இந்தப் பாஸ்பேட் படலம்தான், அடியில் உள்ள இரும்பு தப்பிக்கும். தேய்ந்த படலம் திரும்ப உருவாக ஆயிலில் பாஸ்பரஸ் மிச்சம் இருக்க வேண்டும். வால்வுகளை இயக்கும் பகுதிக்கு, அதாவது கேம், லிஃப்டர், புஷ்ராடு, ராக்கர் எல்லாவற்றுக்கும் இதுதான் கடைசிப் பாதுகாப்பு. 6.7 பவர் ஸ்ட்ரோக் ஒவ்வொரு சிலிண்டருக்கும் 4 வால்வு வீதம் 32 வால்வுகளை புஷ்ராடு மூலம் இயக்கும் வி8 இன்ஜின். உரசும் முனைகள் அதில் நிறைய.

சிகே-4-இல் பாஸ்பரஸுக்கு உச்சவரம்பு உண்டு, ஃபோர்டு எதிர்பார்க்கும் கீழ்வரம்பு கிடையாது. ஒரே ஆயிலை டீசலுக்கும் பெட்ரோலுக்கும் விற்க நினைக்கும் நிறுவனங்கள் சிகே-4-உடன் எஸ்என் என்ற பெட்ரோல் வகைத் தகுதியையும் சேர்த்துப் போட விரும்பின. 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற கிரேடுகளில் அந்தப் பெட்ரோல் தகுதிக்குப் பாஸ்பரஸ் 800 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது. அதனால் முழு உரிமத்தோடு, சிகே-4 முத்திரையோடு, வெறும் 800 பிபிஎம் பாஸ்பரஸ் உள்ள ஆயில் சந்தைக்கு வர வழி திறந்தது.

சிகே-4 வருவதற்கு முன்பே ஃபோர்டு சில கலவைகளைத் தன் இன்ஜினில் சோதித்தது. 2016-க்கு முந்தைய சிஜே-4 ஆயில்களோடு ஒப்பிட்டால் அவற்றில் சிலவற்றின் தேய்மானப் பாதுகாப்பு போதவில்லை என்று அறிவித்தது. அதையொட்டி வந்ததுதான் டபிள்யூஎஸ்எஸ்-எம்2சி171-எஃப்1. இது சிகே-4-இன் எல்லாத் தேவைகளையும் கேட்கிறது. அதற்கு மேல் இரண்டு விஷயங்களையும் கேட்கிறது: பாஸ்பரஸ் குறைந்தது 1,000 பிபிஎம் இருக்க வேண்டும், 6.7 இன்ஜினிலேயே நடத்தும் வால்வு இயக்கப் பகுதித் தேய்மானச் சோதனையில் தேற வேண்டும்.

சிகே-4-இன் உச்சவரம்பான 0.12 சதவீதம் என்பது 1,200 பிபிஎம், ஃபோர்டின் கீழ்வரம்பு 1,000. இடைவெளி வெறும் 200 பிபிஎம். மேலே போனால் வினையூக்கி கெடும், கீழே போனால் கேம் தேயும். கேனில் உள்ள அந்த நீண்ட எண், ஆயில் இந்தக் குறுகலான இடத்துக்குள் இருக்கிறது என்பதற்கான உறுதி. இந்த ஸ்பெக்கை ஃபோர்டு 6.7-க்கு மட்டும் வைக்கவில்லை. முந்தைய 6.4, 6.0, 7.3 இன்ஜின்களுக்கும் இதையேதான் சொல்கிறது.

பழைய 7.3, 6.0 இன்ஜின்கள் விஷயத்தில் இன்னொரு காரணமும் உண்டு. அவற்றில் இன்ஜெக்டரை இயக்குவதே உயர் அழுத்த ஆயில்தான். ஆயில் நீர்த்துப் போனாலோ காற்றுக் குமிழி பிடித்தாலோ வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகச் சிரமப்படும், ஐடிலில் நடுங்கும். இன்ஜெக்டரே பழுது என்று நினைத்துக் கழற்றுவதற்கு முன்னால் ஆயிலை ஒருமுறை மாற்றிப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

லேபிளைப் படிக்கும் முறை

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கேனின் பின்புறத்தில் இருக்கும் வாசகம் பலவிதமாக இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே எடை கிடையாது.

- ‘அங்கீகரிக்கப்பட்டது’ என்ற சொல்லோடு ஸ்பெக் எண் இருந்தால்: வண்டி நிறுவனம் தகவல்களைப் பார்த்து ஒப்புக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த நிறுவனத்தின் பட்டியலில் ஆயிலின் பெயர் இருக்கும்.
- ‘தேவைகளைப் பூர்த்தி செய்கிறது’ என்றால்: ஆயில் நிறுவனம் தன் பொறுப்பில் சொல்கிறது. பெரிய நிறுவனம் என்றால் பெரும்பாலும் உண்மையாக இருக்கும், ஆனால் வண்டி நிறுவனத்தின் ஒப்புதல் அல்ல.
- ‘இந்த ஸ்பெக் கேட்கும் வண்டிகளில் பயன்படுத்த ஏற்றது’ என்றால்: சோதனை நடந்தது என்றுகூட இதில் இல்லை. இதை நம்பி வாரண்டி உள்ள வண்டியில் ஊற்ற வேண்டாம்.
- ‘எல்லா டீசல் பிக்கப்புகளுக்கும்’ என்று முன்பக்கத்தில் பெரிதாகப் போட்டு, பின்னால் ஸ்பெக் எண்ணே இல்லையென்றால் அந்தக் கேனை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள்.

சரிபார்க்க இரண்டு இடங்கள் போதும். ஏபிஐ தன் உரிமம் பெற்ற ஆயில்களின் பட்டியலை இணையத்தில் வைத்திருக்கிறது, பிராண்டு பெயரைக் கொடுத்துத் தேடலாம். ஃபோர்டு தன் 171-எஃப்1 ஆயில்களின் பட்டியலைத் தனியாக வெளியிடுகிறது. பிராண்டு, வரிசைப் பெயர், கிரேடு மூன்றும் அதில் பொருந்த வேண்டும். பிராண்டு மட்டும் பொருந்தினால் போதாது. ஒரே பெயர் வரிசையில் 5டபிள்யூ-40 கேனில் ஃபோர்டு எண் இருக்கும். பெட்ரோல் வண்டிக்கும் ஆகும் என்று விற்கப்படும் 5டபிள்யூ-30 கேனில் அது இருக்காது. இரண்டின் நிறமும் வடிவமும் ஒன்றுபோலவே இருக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. பாஸ்பரஸ் குறைவான ஆயிலை வாங்கிவிட்டு, இசட்டிடிபி பாட்டில் ஒன்றை வாங்கி அதில் கலப்பதைச் சிலர் தீர்வாகச் சொல்கிறார்கள். வேண்டாம். ஆயிலில் உள்ள சேர்மங்கள் உலோகப் பரப்பைப் பிடிக்க ஒன்றோடொன்று போட்டியிடுபவை. ஒன்றை மட்டும் கூட்டினால் மற்றவற்றின் வேலை கெடும். சாம்பலும் பாஸ்பரஸும் வரம்பைத் தாண்டி வினையூக்கியைப் பாதிக்கும்.

மற்ற நிறுவனங்களின் எண்கள்

ராம் 2500, 3500-இல் உள்ள 6.7 லிட்டர் கம்மின்ஸுக்குக் கேட்கப்படுவது எம்எஸ்-10902. கம்மின்ஸின் சொந்த ஸ்பெக் சிஇஎஸ் 20081 சிஜே-4 காலத்தையும், சிஇஎஸ் 20086 சிகே-4 காலத்தையும் சேர்ந்தவை. ராம் 1500-இல் வந்த 3.0 லிட்டர் ஈகோடீசலின் கதை கவனிக்க வேண்டியது. தொடக்கத்தில் அதற்கு எம்எஸ்-11106, 5டபிள்யூ-30 என்று சொன்ன நிறுவனம், பிறகு எம்எஸ்-10902, 5டபிள்யூ-40 என்று மாற்றியது. பழைய கையேட்டை மட்டும் வைத்துக்கொண்டிருப்பவர் இன்னும் 5டபிள்யூ-30 ஊற்றிக்கொண்டிருப்பார். கையேடு அச்சான பிறகும் ஸ்பெக் மாறலாம் என்பதால், புதிய சர்வீஸ் அறிவிப்பு ஏதும் உண்டா என்று டீலரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜிஎம்மில் 2020 மாடலில் வந்த 3.0 லிட்டர் டூராமேக்ஸுக்கு டெக்சோஸ்-டி, 0டபிள்யூ-20. இதற்குக் கனரக 15டபிள்யூ-40 சிகே-4 எவ்வளவு நல்ல பிராண்டாக இருந்தாலும் ஆகாது. 6.6 டூராமேக்ஸ் வேறு, 3.0 டூராமேக்ஸ் வேறு. பெயர் ஒன்று என்பதால் கேனையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

எந்த கிரேடு

ஸ்பெக் எண் உறுதியான பிறகுதான் இந்தக் கேள்வி. 6.7 பவர் ஸ்ட்ரோக்குக்கு:

1. சாதாரண ஓட்டத்துக்கு 10டபிள்யூ-30. தினசரிப் பயணம், இலகுவான சுமை, அளவான வெயில் என்றால் இது போதும்.
2. கனமான டிரெய்லர் இழுப்பவர்கள், நீண்ட நேரம் ஐடிலில் நிறுத்துபவர்கள், பி20 அளவு (20 சதவீதம்) பயோடீசல் போடுபவர்கள் 5டபிள்யூ-40 அல்லது 15டபிள்யூ-40-க்குப் போக வேண்டும்.
3. 15டபிள்யூ-40 குளிருக்கு ஆகாது. மைனஸ் 7 டிகிரிக்குக் கீழே போகும் ஊர் என்றால் 5டபிள்யூ-40-தான் எல்லாப் பருவத்துக்கும் தலைவலி இல்லாதது.

பயோடீசல் ஏன் இந்தப் பட்டியலில் வருகிறது என்று கேட்கலாம். ரீஜெனரேஷனின்போது சிலிண்டருக்குள் கடைசி நேரத்தில் கூடுதலாக டீசல் தெளிக்கப்படும். அதில் கொஞ்சம் சிலிண்டர் சுவரில் ஒட்டி, ரிங் வழியாக இறங்கி ஆயிலோடு கலக்கும். சாதாரண டீசல் ஆயில் சூடேறும்போது ஓரளவு ஆவியாகி வெளியேறும். பயோடீசலின் கொதிநிலை அதிகம், எனவே அது தங்கிவிடும். தங்கிய பயோடீசல் ஆயிலை நீர்க்கச் செய்யும், ஆக்சிஜனேற்றத்தையும் வேகப்படுத்தும்.

அளவும் மாற்றும் முறையும்

6.7 பவர் ஸ்ட்ரோக்குக்கு ஃபில்டரோடு சேர்த்து 13 குவார்ட், அதாவது 12.3 லிட்டர். கடையில் கிடைப்பது 1 காலன் கேன், அது 4 குவார்ட். மூன்று கேன் வாங்கினால் 12 குவார்ட். ஒரு குவார்ட் குறையும். மூன்று காலனோடு நிறுத்திவிடுபவர்கள் நிறையப் பேர். கூடவே ஒரு குவார்ட் பாட்டிலும் எடுங்கள், அதிலும் அதே ஸ்பெக் எண் இருக்கிறதா என்று பாருங்கள். ராமின் 6.7 கம்மின்ஸுக்கு 12 குவார்ட், மூன்று காலன் சரியாக இருக்கும். 6.6 டூராமேக்ஸ் எல்5பிக்கு 10 குவார்ட், இரண்டரை காலன் கேன் ஒன்றே போதும்.

மாற்றும்போது:

1. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது இறக்குங்கள். கொதிக்கும் சூட்டில் வேண்டாம். 12 லிட்டருக்கு மேல் வரும் என்பதால் சிறிய தட்டு பத்தாது.
2. சொட்டுவது நிற்கும் வரை விடுங்கள். அடியில் தங்கும் பழைய ஆயிலில்தான் கரி அதிகம்.
3. ஃபில்டரைக் கழற்றியதும் பழைய ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு வளையம் சேர்ந்தால் அழுத்தத்தில் பிதுங்கி, சில நிமிடங்களில் மொத்த ஆயிலும் ரோட்டில் இருக்கும். 6.7-க்கு ஃபோர்டின் சொந்த பிராண்டான மோட்டார்கிராஃப்ட் ஃபில்டர் எண் எஃப்எல்-2051எஸ்.
4. புதிய வளையத்தில் சுத்தமான ஆயிலைத் தடவிக் கையால் இறுக்குங்கள்.
5. முதலில் 12 குவார்ட் ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு நிறுத்தி, ஆயில் கீழே இறங்க நேரம் கொடுத்து டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். பிறகு மீதியைச் சேருங்கள்.
6. ஆயில் ஆயுள் காட்டியை மறக்காமல் திரும்ப 100 சதவீதத்துக்குக் கொண்டுவாருங்கள்.

எத்தனை மைலுக்கு ஒருமுறை என்பதை ஃபோர்டில் அந்தக் காட்டியே சொல்லும். ஆனால் 10,000 மைல் அல்லது 1 வருடம், இதில் எது முதலில் வருகிறதோ அதைத் தாண்டக் கூடாது. சுமை, ஐடில், பயோடீசல் என்றால் 5,000 மைல்.

ஆயில் சரியில்லை என்று எப்படித் தெரியும்

நிறத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. டீசலில் புது ஆயில்கூடச் சீக்கிரமே கறுத்துவிடும், அது ஆயில் கரியைப் பிடித்து வைத்திருப்பதன் அடையாளம். டிப்ஸ்டிக்கில் அளவு ஏறுவதைத்தான் கவனிக்க வேண்டும். ஆயில் தானாகக் கூடாது. கூடினால் டீசல் கலக்கிறது என்று அர்த்தம். குறுகிய தூரம் மட்டுமே ஓடி, ரீஜெனரேஷன் பாதியில் நின்றுகொண்டே இருக்கும் வண்டிகளில் இது சகஜம். அந்த நிலையில் மைல் கணக்குக்குக் காத்திருக்காமல் ஆயிலை மாற்றிவிட வேண்டும்.

கேம், லிஃப்டர் தேய்மானம் வெளியே தெரியாது. சத்தம் கேட்கும்போது காலம் கடந்திருக்கும். பயன்படுத்திய ஆயிலைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினால் இரும்பின் அளவு, கரி, டீசல் கலப்பு, கெட்டித்தன்மை, மிச்சமுள்ள காரத்தன்மை எல்லாம் வரும். ஒற்றை அறிக்கையை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒரே ஆயில், ஏறக்குறைய ஒரே மைல் என்று அடுத்தடுத்து மூன்று அறிக்கைகள் கையில் இருக்கும்போதுதான் இரும்பு ஏறுகிறதா என்பது புலப்படும். சிலிக்கான் சேர்ந்து ஏறினால் ஆயிலைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் ஏர் ஃபில்டரையும் அதன் குழாய்களையும் பாருங்கள், தூசு உள்ளே போகிறது.

வாரண்டி

“எங்கள் பிராண்டு ஆயிலை ஊற்றினால்தான் வாரண்டி” என்று அமெரிக்காவில் எந்த நிறுவனமும் கட்டாயப்படுத்த முடியாது, அந்த ஆயிலை இலவசமாகக் கொடுத்தால் தவிர. 1975-ஆம் ஆண்டின் மேக்னுசன்-மாஸ் சட்டம் அதைத் தடுக்கிறது. அதனால் மோட்டார்கிராஃப்ட்தான் வேண்டும் என்பதில்லை. ஆனால் ஸ்பெக்கைக் கேட்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. ஸ்பெக்கில் இல்லாத ஆயிலால்தான் பழுது வந்தது என்று நிறுவனம் காட்டினால் பழுதுபார்க்கும் செலவு உங்கள் தலையில் விழும். வீட்டிலேயே ஆயில் மாற்றுபவர்கள் ரசீதை வைத்திருங்கள். தேதி, மைல் இரண்டையும் அதிலேயே எழுதி, கேனின் பின்புற லேபிளை ஒரு படம் எடுத்து வையுங்கள்.

நம் ஊரில் ஓடும் பிக்கப்புகளுக்கு

ஏபிஐ எழுத்துகள் உலகம் முழுக்க ஒன்றுதான். இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 வந்ததும் டீசலில் கந்தகம் 10 பிபிஎம் ஆனது, பிக்கப்புகளில் டிபிஎஃப் வந்தது. பட்டறையில் “15டபிள்யூ-40 ஊற்றுங்க” என்று மட்டும் சொன்னால், பிஎஸ்-4 வண்டிக்காக வாங்கி வைத்த வாளியிலிருந்து சிஎச்-4 அல்லது சிஐ-4 ஊற்றப்பட வாய்ப்பு உண்டு. அதே 15டபிள்யூ-40-தான், சாம்பல்தான் வேறு. டிபிஎஃப் விளக்கு எரியும்போது காரணம் யாருக்கும் புரியாது.

இலங்கையில் ஓடும் ஜப்பானிய டபுள் கேப்களுக்கு இன்னொரு நுணுக்கம் உண்டு. டிபிஎஃப் உள்ள வண்டியின் கையேட்டில் ஐரோப்பியத் தரநிலையான ஏசிஇஏ சி2 அல்லது சி3 என்றிருந்தால் சாம்பல் 0.8 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஜப்பானியத் தரநிலையான ஜாசோ டிஎல்-1 என்றிருந்தால் 0.6-க்குள். சிகே-4 அனுமதிப்பது 1.0 வரை. லாரிக்கு நல்ல ஆயில் என்பதால் இந்த வண்டிக்கும் நல்லது என்று ஆகிவிடாது.

வழியில் ஆயில் குறைந்துவிட்டால்

நெடுஞ்சாலையில் அளவு குறைவு என்று எச்சரிக்கை வருகிறது, பக்கத்தில் இருக்கும் கடையில் ஸ்பெக் எண் உள்ள ஆயில் இல்லை. அப்போது குறைந்த ஆயிலோடு ஓட்டுவதைவிட, கிடைக்கும் சிகே-4 ஆயில் ஒரு குவார்ட் சேர்ப்பது நல்லது. எஃப்ஏ-4 வேண்டாம், பெட்ரோலுக்கு மட்டுமான ஆயிலும் வேண்டாம். 13 குவார்ட்டில் ஒரு குவார்ட் மாறினால் பாஸ்பரஸ் அளவு பெரிதாக இறங்காது. ஊர் வந்ததும் ஆயில் ஏன் குறைந்தது என்று பாருங்கள்: டர்போ குழாய், ஃபில்டர் வளையம், டிரெயின் பிளக் மூன்றையும் முதலில். சேர்த்தது இரண்டு குவார்ட்டுக்கு மேல் போயிருந்தால் அடுத்த ஆயில் மாற்றத்தை முன்னால் கொண்டுவந்துவிடுங்கள்.